சோலையெலியும் சிவப்புக் கம்பளியும்

சடையாண்டி பாறையம்மாவைத் தேடி மலைக்கு மேலே வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. பாறையம்மாவுக்கு நாற்பது நிறையவில்லை. அவர் இவரை ‘அண்ணே’ என்றார். இவர் அவரை ‘தாயி’ என்றார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஒரு பெரிய பாறையின் குடைவுதான் பாறையம்மாவின் இருப்பிடம். முன்பக்கம் மட்டும் மண்சுவர். சுற்றிலும் புல்மேடு. அந்த உயரத்தில் மேடெல்லாம் புல்லாக இருக்கும், மலை மடிப்புகளில் மட்டும் மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த மரக்கூட்டத்தைத்தான் சோலை என்பார்கள். அங்கே ஓடைகள் எல்லாம் சோலையின் வேருக்கடியில்தான் பிறக்கின்றன.

வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

“தாயி, மறந்துபோய்ச் செஞ்ச தப்புக்குப் பரிகாரம் உண்டா?”

“கஞ்சி சூடா இருக்கு. முதல்ல குடிங்க.”

குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

“விறகு வெளியே கிடக்கு அண்ணே. மழை வரப்போகுது. எடுத்து உள்ளே போடுங்க.”

எடுத்துப் போட்டார். அப்படியே தங்கிவிட்டார். கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அங்கே வீரணன் என்று இன்னொரு சீடர் இருந்தார். இருபது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது சமையல். அவர்தான் முதலில் கேட்டார்.

“அப்படி என்னத்தை மறந்தீங்க அண்ணே?”

“சாம்பலை.”

கீழே கல்லாங்கோம்பை என்ற ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, மாசியில், காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். கருகிய இடத்தில் இளம்புல் முளைக்கும். மாடு மேயும். அந்தத் தீயை வைக்க ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. முன்பு சடையாண்டியின் அப்பாவுக்கு இருந்தது, பிறகு சடையாண்டிக்கு வந்தது. தீ வைக்கும் நாளில் அவர் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு சோலை ஓரத்துக்குப் போவார். தலை உயரத்திலிருந்து ஒரு பிடியைக் கீழே விடுவார். சாம்பல் காற்றில் சாயாமல் நேராகக் காலடியில் விழ வேண்டும். விடிந்ததும் ஒரு பிடி. வெயில் ஏறியதும் ஒரு பிடி. தீ வைப்பதற்குச் சற்று முன் ஒரு பிடி. மூன்றும் நேராக விழுந்தால்தான் தீ.

“நீங்க எத்தனை பிடி விட்டீங்க?”

“ரெண்டு.”

“மூணாவது?”

“அன்னைக்குத்தான் பேரனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டியாச்சு. எல்லாரும் இலை முன்னால உக்காந்துட்டாங்க. சடையா வா, சடையா வான்னு சத்தம். மறந்துட்டேன்.”

வீரணன் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தார்.

“நானும் ஒரு நாள் ஹேண்ட் பிரேக் போட மறந்திருக்கேன் அண்ணே. லாரி தன்னால போயி டீக்கடைக்குள்ள நின்னுருச்சு. கடைக்காரரு லாரியப் பார்த்து, ஸ்ட்ராங்கா லைட்டான்னு கேட்டாரு.”

சடையாண்டி சிரிக்கவில்லை.

தீ வைத்த அன்று மதியம் காற்று திரும்பியது. தீ நீர்ச்சோலைக்குள் புகுந்தது. பாதிச் சோலை போயிற்று. கல்லாங்கோம்பை குடிப்பது நீர்ச்சோலை ஓடையைத்தான். அடுத்த கோடையில் ஓடை வற்றியது. பெண்கள் மேட்டைச் சுற்றிக்கொண்டு கீழ் ஊற்றுக்குப் போக வேண்டியிருந்தது. போக இறக்கம், வர ஏற்றம். சடையாண்டியின் ஒரே மகள் பூவாயி நிறைகுடத்தோடு அந்த ஏற்றத்தில் வழுக்கி விழுந்தாள். இடது கால் முறிந்தது. கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது.

ஊர் அவரைப் போகச் சொல்லவில்லை. தீ வைக்கும் நெருப்புச் சட்டியை மட்டும் வாங்கி வேறொருவரிடம் கொடுத்தது. பூவாயியும் அவரைத் திட்டவில்லை. பேசாமல் இருந்துவிட்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள். திட்டியிருந்தால் அவர் ஊரிலேயே இருந்திருப்பார்.

“மரம் வைக்கிறேன் தாயி,” என்றார் ஒரு நாள். “எரிஞ்ச சோலையைத் திரும்ப வைக்கிறேன். ஓடை வந்தாத்தான் பூவாயி பேசுவா.”

“வைங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“மண்வெட்டிக்குக் கைப்பிடி ஆடுது. ஆப்பு அடிச்சுக்கங்க.”

மூன்று வருடம் அவர் நாவல் விதை பொறுக்கினார். சோலையில் நிற்கும் காட்டு நாவல். விதைகளைக் கூடையில் சேர்த்துப் பாறைக் குடைவின் ஓரத்தில் வைப்பார். மழைக்கு முன் கொண்டுபோய், கல்லாங்கோம்பையைப் பார்த்த சரிவில், கயிறு பிடித்து வரிசை வரிசையாகக் குழி போட்டு வைப்பார். வரிசை ஒரு விரல் கோணாது. ஊரில் யார் வாசலில் நின்றாலும் அந்தச் சரிவு தெரியும்.

மூன்று வருடமும் ஒன்றும் நிற்கவில்லை. கூடையில் பாதி காணாமல் போனது. குழியில் வைத்ததையும் ஏதோ தோண்டியது. தப்பி முளைத்ததைத் தையில் உறைபனி கருக்கியது. பனியைச் சடையாண்டி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணில் பட்டது சோலையெலி ஒன்றுதான்.

அது ஊர் எலி இல்லை. வீட்டுக்குள் குடியிருக்காது. சோலைக்கும் புல்லுக்கும் நடுவில் வாழ்வது. முதுகு காய்ந்த சருகு நிறம், வயிறு வெள்ளை, வால் உடம்பைவிட நீளம். பழம் உதிரும் காலத்தில் பொழுது சாய்ந்ததும் வரும். ஒரு விதையை வாயில் கவ்வும், இரண்டு காலில் நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும், புல்லுக்குள் மறையும்.

பாறையம்மாவின் இடத்தில் எதையும் கொல்லக் கூடாது. எனவே சடையாண்டி ஒரு எலிக்கூண்டு வாங்கிவந்தார். மாலையில் உருளைக்கிழங்குத் துண்டு வைப்பார். காலையில் எலி உட்கார்ந்திருக்கும். கூண்டைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி இறங்கி, அடுத்த சோலையின் ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

“மாப்பிள்ளையைப் பல்லக்குல தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு,” என்பார் வீரணன். “சம்பந்தி வீட்டுல காப்பி குடிச்சிட்டு வாங்க.”

ஒரு நாள் மாட்டிய எலிக்கு வால் நுனி அறுந்திருந்தது. ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் கூண்டில் வால் நுனி அறுந்த எலி. மறுபடி கொண்டுபோய் விட்டார். மறுநாளும் அதே எலி. உருளைக்கிழங்கைத் தின்று முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, இது உங்களுக்கு முன்னால வந்துருது,” என்றார் வீரணன். “குறுக்குப் பாதை தெரியும்போல. கேட்டு வச்சுக்கங்க, முட்டி வலி மிச்சம்.”

சடையாண்டி கூண்டைத் தரையில் வைத்தார். கீழே இறங்கினார். அன்று பிற்பகல் திரும்பி வந்தபோது கையில் ஒரு சிறிய பொட்டலம் இருந்தது. அதை வாங்க அவர் கல்லாங்கோம்பையையும் தாண்டி, பஸ் ஏறி, டவுனுக்குப் போய்வந்திருந்தார். அதைப் பாறையம்மாவின் முன் வைத்தார்.

“என்ன அண்ணே இது?”

“எலி மருந்து.”

வீரணன் அடுப்பை ஊதுவதை நிறுத்தினார்.

“ஒரே ஒரு தரம் அனுமதி குடுங்க தாயி. இந்த வருஷமும் விதை போச்சுன்னா என்னால இங்க இருக்க முடியாது. நான் எங்கேயாவது போயிருவேன். ஊரு வேண்டாம், மலை வேண்டாம். பூவாயி கண்ணுல படாத இடமாப் பார்த்துப் போயிருவேன்.”

அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வீரணன் பிறகு சொன்னார்.

பாறையம்மா பொட்டலத்தை எடுத்தார். ஒரு முறை திருப்பிப் பார்த்தார். சுவர் இடுக்கில் செருகி வைத்தார்.

“உங்க கம்பளியைக் கொண்டாங்க அண்ணே.”

“கம்பளியா?”

“போர்த்துக்கிறீங்களே, அந்தச் சிவப்புக் கம்பளி.”

கொண்டுவந்தார். அது அவர் மனைவி இருந்தபோது சந்தையில் பேரம் பேசி வாங்கியது. சிவப்பு வெளுக்கவே இல்லை. பாறையம்மா அதன் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

“தாயி!”

“கோணி ஊசி இருக்கா வீரண்ணே?”

“இருக்கு தாயி. ஆனா அண்ணன் மூஞ்சியப் பார்த்தா எடுக்கப் பயமா இருக்கு.”

“எடுங்க.”

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாறையம்மா நூலை முழ முழமாக அறுத்தார். வீரணன் நாவல் விதையில் ஊசியால் துளை போட்டார். சடையாண்டி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார். இருட்டுவதற்குள் நாற்பது விதை ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் முழ நீளச் சிவப்பு வால்.

“இதை என்ன செய்யணும்?”

“கூடையில வைங்க.”

“எலி தூக்கிட்டுப் போயிருமே.”

“ஆமா.”

“கூண்டு?”

“கதவைத் திறந்து விடுங்க.”

சடையாண்டி கூண்டைத் திறந்தார். வால் அறுந்த எலி உடனே ஓடவில்லை. வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தது. பல்லக்கு எங்கே என்று கேட்பது போல இருந்தது. பிறகு போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் கூடை காலியாக இருந்தது. சடையாண்டிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கம்பளியில் நாற்பது முழம் குறைந்திருந்ததால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம்.

“போயி நூலைத் தேடிட்டு வாங்க,” என்றார் பாறையம்மா.

“நான் மட்டுமா?”

“நானும் வர்றேன்.”

முதல் நூல் பத்தடியில் கிடைத்தது. விதை இல்லை, தோல்தான். இரண்டாவதும் தோல். பாறை ஓரத்தில் ஒரே இடத்தில் ஏழு நூல், ஏழு தோல். சடையாண்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சுற்றிக்கொண்டார். நண்பகலுக்குள் இருபத்தாறு நூல் சேர்ந்தது. அவற்றைப் பாறையம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாருங்க தாயி. நல்லாப் பாருங்க. என் பெஞ்சாதி கம்பளி. என் விதை. எல்லாம் தின்னாச்சு.”

“எல்லாமா?”

“இருபத்தாறு.”

“நாற்பது கட்டினோமே அண்ணே.”

அவர் திரும்பி நடந்தார். இப்போது அவர் தேடவில்லை, கோபத்தில் நடந்தார். எரிந்த மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அது ஊருக்குத் தெரியாத பக்கம். ஒரே பாறையும் முள்ளும். பாறைகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை ஒன்று கீழ் ஊற்றுக்கு இறங்கியது. அந்தப் பக்கம் அவர் வந்தே வெகு காலம் ஆகியிருந்தது. பாதையைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடத்தில், ஒரு பாறையின் கீழே, மண்ணிலிருந்து சிவப்பாக ஒரு விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து இழுத்தார். நூல் வரவில்லை. மண்ணுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

“இழுக்காதீங்க,” என்றார் பாறையம்மா. “தோண்டிப் பாருங்க.”

விரலால் மண்ணை விலக்கினார். இரண்டு விரல் ஆழத்தில் விதை இருந்தது. முழு விதை. மேலே மண்ணைத் தள்ளி, அதன்மேல் ஒரு காய்ந்த இலையையும் இழுத்துப் போட்டிருந்தது எலி.

“மூடிருங்க.”

மூடினார்.

அடுத்தது ஒரு முட்புதருக்குள். அதற்கடுத்தது பெரணிச் செடியின் அடியில். எல்லாமே மறைவில். எல்லாமே ஏதோ ஒன்றின் நிழலில், ஏதோ ஒன்றில் முதுகை ஒட்டிக்கொண்டு. மாலைக்குள் ஒன்பது கண்டுபிடித்தார்கள். ஐந்து கிடைக்கவே இல்லை.

“திறந்த வெளியில ஒண்ணுகூட வைக்கல, பார்த்தீங்களா தாயி?”

“திறந்த வெளியில நின்னா அதைப் பருந்து தூக்கிரும். அதான் மறைவுக்கு ஓடி வந்து வைக்குது.”

சடையாண்டி பாறையைத் தொட்டுப் பார்த்தார். வெயில் இறங்கிய பிறகும் பாறையில் சூடு இருந்தது. புதரின் கீழ் மண் ஈரமாக இருந்தது. நாற்பது வருடம் அந்த மலையில் தீ வைத்தவர் அவர். எங்கே பனி விழும், எங்கே விழாது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

“இங்க வச்சா பனி கருக்காது தாயி.”

“சரி.”

“வரிசையாத்தான் வைக்க முடியாது. புதருக்குப் புதர் ஒண்ணு வைக்கலாம்.”

“சரி.”

“ஆனா இங்க வச்சா ஊருக்குத் தெரியாதே.”

சொல்லிவிட்டு நின்றார். பாறையம்மா குனிந்தார். தன் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். முள் சின்னதுதான். எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

சடையாண்டி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கையில் சுற்றியிருந்த இருபத்தாறு நூலையும் அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

“மூணு வருஷம்,” என்றார்.

திரும்பி வந்ததும் பாறையம்மா சுவர் இடுக்கிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“இது வேணுமா அண்ணே?”

“வேண்டாம்.”

“கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேக்குறேன்,” என்றார் வீரணன். “எடுத்துக்கிட்டா வெல்லம் வாங்கிட்டு வர்றேன். எலியால எனக்கு ஒரு பாயசமாவது கிடைக்கட்டும்.”

அந்த வருடம் சடையாண்டி கயிறு பிடிக்கவில்லை. கூடையை மூடவும் இல்லை. புதிதாகப் பொறுக்கிய விதையை எடுத்துக்கொண்டு பின்பக்கப் பாறைகளுக்குப் போனார். எலி எப்படி நிமிர்ந்து பார்த்ததோ அப்படியே நின்று சுற்றிலும் பார்ப்பார். எங்கே ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறதோ அங்கே ஒரு விதை. வீரணன் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணே, பருந்து வருதா?”

“வந்தா எங்க போவேன்னு பார்க்குறேன்.”

“உங்களைத் தூக்குற பருந்து இன்னும் பிறக்கல.”

சடையாண்டி அன்றுதான் முதல்முறை சிரித்தார்.

மழை வந்தது. போயிற்று. மார்கழி முடிந்து தை பிறந்தது. ஒரு காலையில் புல்மேடு முழுக்க உப்பு தூவியது போல வெள்ளையாக இருந்தது. வெயில் ஏறியதும் புல்லெல்லாம் கறுத்தது. ஊரைப் பார்த்த சரிவில், போன வருடத்து வரிசையில் தாமதமாக முளைத்திருந்த இரண்டு கன்றும் கருகிக் கிடந்தன.

சடையாண்டி பின்பக்கம் போகப் பயந்தார். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் பாறையம்மா கேட்டார்.

“முட்டி வலியா அண்ணே?”

“இல்ல.”

“அப்ப போயிட்டு வாங்க.”

போனார். அவர் வைத்ததில் பாதிக்கு மேல் நின்றிருந்தது. எலி வைத்த ஒன்பதில் சிலவற்றைப் பிறகு எலியே வந்து தின்றிருந்தது. நான்கு தப்பியிருந்தன. நான்கு பாறைகளின் கீழே நான்கு கன்றுகள், சாண் உயரம், தளிர் செம்பு நிறத்தில். அடியில் மழையில் நைந்த சிவப்பு நூல். அவர் அவற்றின் முன் குந்தி உட்கார்ந்தார். எழ மனம் வரவில்லை.

பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து வரும் சத்தம். திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பூவாயி வெறும் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். வழக்கம்போலத் தாண்டிப் போனாள். நான்கு எட்டு வைத்தவள் நின்றாள். பாதையோரம் ஒரு முட்புதரைப் பார்த்தாள். முள்ளில் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருந்தது.

குடத்தை இறக்கி வைத்தாள். நூலைத் தொட்டாள். விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

“இது அம்மா கம்பளிதானே?”

நான்கு வருடத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவர் நிமிர்ந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

“அம்மா கம்பளியப் பிச்சிட்டீங்களா?”

“நான் பிய்க்கல ஆத்தா. பாறையம்மா பிச்சாங்க.”

“அவங்க பிச்சா? நீங்க வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?”

“முடிச்சுப் போட்டேன்.”

“முடிச்சுப் போட்டாராம். இந்தப் பனிக்கு எதைப் போர்த்துக்கிறீங்க?”

“பாதிக் கம்பளி. பாதிச் சாக்கு.”

“நல்லா இருக்கு. அந்த அம்மாதான் சாமியாரு, நீங்களுமா?”

அவர் சொன்னார். எலி, கூண்டு, நூல், பாறை எல்லாம் சொன்னார். மருந்துப் பொட்டலத்தையும் மறைக்கவில்லை. அவள் கோணல் காலில் நிற்க முடியாமல் பாறையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். முடிந்ததும் புதரை விலக்கிப் பார்த்தாள்.

“இதையும் எலிதான் வச்சுதா?”

அவர் எட்டிப் பார்த்தார். நூலின் மறுமுனை புதருக்குள் போயிருந்தது. முள்ளுக்கு நடுவில், யாரும் கை விட முடியாத இடத்தில், ஒரு கன்று நின்றது. ஐந்து இலை. அன்று கிடைக்காமல் போன ஐந்தில் ஒன்று.

“எங்க கண்ணுல படவே இல்ல ஆத்தா.”

“தினம் ரெண்டு தரம் இதைத் தாண்டித்தான் போறேன். நானும் பார்க்கல.”

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். இறங்கத் தொடங்கினாள். பத்தடி போய்த் திரும்பாமலே சொன்னாள்.

“இறங்கும்போது ஒண்ணும் தெரியல. வரும்போதுதான் இந்த இடத்துல மூச்சு வாங்குது.”

போய்விட்டாள்.

சடையாண்டி அப்படியே எழுந்து மேடு ஏறினார். ஓடினார் என்றே சொல்ல வேண்டும். பாறையம்மா வாசலில் வெயிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் கீழ் ஊற்றுப் பாதை முழுக்கத் தெரியும்.

“பேசிட்டா தாயி! பேசிட்டா!”

“இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்ல குரல்.”

“திட்டினா!”

“அதுவும் கேட்டுச்சு.”

அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கொஞ்சம் நிதானம் வந்ததும், அத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி மறுபடி மேலே வந்தது.

“தாயி, ஒண்ணு கேக்கணும். இன்னைக்காவது விறகு, கஞ்சின்னு சொல்லிராதீங்க.”

“கேளுங்க அண்ணே.”

“எலி திங்கத்தான் ஒளிச்சு வச்சுது. வச்ச இடத்தை மறந்துருச்சு. நானும் மூணாவது பிடியை மறந்தேன். ரெண்டும் மறதிதான். அது மறந்த இடத்துல மரம் வருது. நான் மறந்த இடத்துல மரம் போச்சு, ஓடை போச்சு, பிள்ளை கால் போச்சு. இது என்ன நியாயம் தாயி?”

பாறையம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“எலி மறந்ததை மழை பார்த்துக்கிருச்சு அண்ணே. நீங்க மறந்ததை எலி பார்த்துக்கிட்டு இருக்கு.”

சடையாண்டி தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்ப நான் எதைப் பார்க்கணும்?”

பாறையம்மா எழுந்து, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து, பள்ளத்தைப் பார்த்தார்.

“பூவாயி திரும்பிட்டா. நிறைகுடம். ரெண்டு தரம் நின்னுட்டா. போங்க அண்ணே.”